காசநோய்க்கு ஏன் யாரும் கை தட்டவில்லை?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நான்கு மணி நேரத்தில் நாடே மூடப்படும் என்றார். அதுவரை இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அந்த மார்ச் 24க்கு இன்னொரு பெயரும் உண்டு: உலகக் காசநோய் நாள். 1882இல் அதே தேதியில்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். 138 ஆண்டுகள் கழித்து அந்த நாளில், இந்தியாவில் காசநோயால் தினமும் ஆயிரம் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அன்றிரவு ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு நாளைக்கு முன்புதான் தட்டு தட்டி, கை தட்டி முடித்திருந்தது தேசம்.

கொரோனாவைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை, தோழர்களே. அரசுக் கணக்கிலேயே இந்தியாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொரோனாவுக்குப் பலியானார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் தெருக்களிலும் சாவு விழுந்தது. அந்த நோய்க்கு அரசு பதறியது சரியே. எங்கள் கேள்வி வேறு. காற்றில் பரவி நுரையீரலைத் தின்னும் இரண்டு நோய்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்? ஆண்டுக்கு 3 லட்சம் பேரைக் கொல்லும் மற்றொன்றுக்கு ஏன் ஒரு சுவரொட்டியும் ஒரு நாள் உறுதிமொழியும் மட்டும்?

எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது, தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். ஒரு பக்கம் பெங்களூரு, நடுவில் தேசிய நெடுஞ்சாலை, ஓசூரில் சிப்காட் என்று ஆள் நடமாட்டம் ஓயாத எல்லை மாவட்டம் இது. இங்கே தொற்று இல்லை என்பது பெருமைச் செய்தியாக ஓடியது. ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் வண்டிகள் மறிக்கப்பட்டன. அந்தப் பெருமையான ஏப்ரலிலும் காவேரிப்பட்டினத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். பஸ் ஓடாததால் மாத்திரை வாங்கப் போக முடியாதவர்கள் இருந்தார்கள். இருமலோடு வீட்டுக்குள் முடங்கி, பரிசோதனைக்கே போகாதவர்கள் இருந்தார்கள். அவர்களை எந்த வண்ணத்திலும் யாரும் குறிக்கவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. 2019இல் நாடு முழுக்கப் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்துவிடவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. காசநோயைக் கண்டறிய வாங்கி வைத்திருந்த சி.பி.நாட், ட்ரூநாட் கருவிகள் பல இடங்களில் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பிவிடப்பட்டன. காசநோய்ப் பணியாளர்களும் கொரோனா வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். புதிய நோய்க்கான படையை, பழைய நோயோடு போராடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்தே உருவினார்கள்.

ஏன் இப்படி? பொதுவாகச் சொல்லப்படும் பதில், "அது புது நோய், இது பழைய நோய்" என்பது. இதில் உண்மை இருக்கிறது. கொரோனா சில வாரங்களில் பன்மடங்காகப் பெருகியது. காசநோய் மெல்ல நகரும். கிருமி உடம்பில் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வராது. வேகமாக வருவதைக் கண்டு பயப்படுவது மனித இயல்பு. ஆனால் வேகம் மட்டும்தான் காரணம் என்றால் வரலாற்றில் பல விஷயங்கள் பொருந்தாமல் போகின்றன.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரிக்குள் கொள்ளை நோய்ச் சட்டம் வந்துவிட்டது. வீடு புகுந்து சோதிக்கவும், ஆட்களைப் பிரித்து வைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்த அந்தச் சட்டத்தைத்தான் 2020இலும் தூசு தட்டி எடுத்தார்கள். காலராவும் மலேரியாவும் அதற்கு முன்பே இந்தியாவில் லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு வராத வேகம் பிளேக்குக்கு வந்தது. பம்பாய் துறைமுகம், பருத்தி வியாபாரம், இந்தியச் சரக்கை ஐரோப்பியத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பிவிடுமோ என்ற அச்சம் ஆகியவை அதில் பெரும்பங்கு வகித்தன.

அதே பிளேக் காலத்தில் புனே பக்கம் நடந்ததையும் நாம் மறக்கக் கூடாது. அன்னை சாவித்திரிபாய் புலே, முந்த்வா என்ற இடத்தில் பிளேக் கண்டிருந்த ஒரு மகர் சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்கு வந்து சேர்ந்தார். சிறுவன் பிழைத்தான். அவரைத் தொற்றிய பிளேக் 1897 மார்ச் 10 அன்று அவர் உயிரைக் குடித்தது. அரசு சட்டத்தோடு வந்தபோது, நம் அன்னை தோள் கொடுத்து வந்தார். நோய்க்கு ஒரு சமூகம் எப்படி முகம் கொடுக்க வேண்டும் என்பதற்கு நமக்குச் சொந்தமான எடுத்துக்காட்டு இது.

கொஞ்சம் கிட்டே வருவோம். 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக். இறந்தவர்கள் ஐம்பது சொச்சம். ஊரே காலியானது, வெளிநாடுகள் விமானங்களை நிறுத்தின, ஏற்றுமதி அடிபட்டது. அதன்பிறகு சூரத் மாநகராட்சி நகரத்தைச் சுத்தம் செய்தது, குப்பை அள்ளுவதை ஒழுங்குபடுத்தியது, நல்லதுதான். அதே ஆண்டு காசநோய் இதே நாட்டில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அதற்காக ஒரு விமானமும் நிற்கவில்லை.

ஆக, ஒரு நோய்க்கு எவ்வளவு பதறுவது என்பதை இறந்தவர்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. அந்த நோய் யார் வீட்டு வாசலைத் தட்டுகிறது? யாருடைய வியாபாரத்தை நிறுத்துகிறது? செத்தவர்களுக்காகக் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கொரோனா விமானத்தில் வந்தது. அமைச்சரையும் பிடித்தது, நடிகரையும் பிடித்தது. காசநோயும் காற்றில்தான் வருகிறது, யாரையும் பிடிக்கலாம். ஆனால் அது அதிகம் தங்குவது காற்றுப் போகாத ஒற்றை அறைகளிலும், வயிறு ஒட்டிய உடம்புகளிலும், தூசி நிறைந்த வேலையிடங்களிலும்தான். அந்த அறைகளும் உடம்புகளும் வேலைகளும் யாருக்குச் சொந்தம் என்று இந்த நாட்டில் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

கிருஷ்ணகிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் கிரானைட்டும். அந்தக் கிரானைட்டை வெட்டும்போதும் இழைக்கும்போதும் பறக்கிற சிலிகா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் நிற்பவர்கள் யார்? நம் காலனிப் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும்தான். சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று ஷிஃப்ட் மாற்றிப் படுக்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி ஓ.பி. நேரம் என்பது ஒரு நாள் கூலி. நோய் என்று தெரிந்தாலும் மேஸ்திரியிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. மாத்திரையை வேறு டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறவர்களை நாங்கள் அறிவோம்.

சாதிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு கற்பனை அல்ல. ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்த்திக்கொண்ட சாதி இந்துக்களைவிடத் தலித்துகள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடிகள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் குறைவாக வாழ்கிறார்கள் என்று காட்டியது. பொருளாதார வேறுபாடு இதை முழுவதுமாக விளக்கவில்லை என்றும் சொன்னது.

இங்கே தமிழ்நாட்டின் சொந்தக் கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அன்று காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் வாங்க வேண்டும் என்ற நிலை. ஏழைக்கு அது எட்டாக்கனி. சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்து அதே மருந்து கொடுத்தார்கள். முடிவு 1959இல் வந்தது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமே சானடோரியங்களை மூடியதற்கு நம் சென்னைக் குடிசைவாசிகள் காரணம். அது பெரிய வெற்றி.

அந்த வெற்றியிலிருந்து அரசுகள் தங்களுக்கு வசதியான ஒரு பாடத்தையும் எடுத்துக்கொண்டன. மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை என்பது அந்தப் பாடம். குணமாக்க மருந்து போதும் என்பது வேறு. நோய் வராமல் தடுக்கவும் சாவைத் தடுக்கவும் சாப்பாடு வேண்டாம் என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க அறுபது ஆண்டுகள் ஆயின. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அதே சென்னை நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாகும் ஆபத்து பாதிக்கும் கீழே போனது.

அரிசியும் பருப்பும், தோழர்களே! ஆயிரம் கோடி ஆராய்ச்சி தேவைப்படாத தடுப்பு மருந்து அது. இங்கிலாந்தில் காசநோய் மரணங்களில் பெரும்பகுதி குறைந்தது 1940களில் மருந்து வருவதற்கு முன்பே. கூலி, சாப்பாடு, வீடு இவை மேம்பட்டதற்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் விவாதித்து வந்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் என்று அறிவிக்கவே 2018 வரை ஆனது. அது ஆயிரமானது 2024 நவம்பரில். இடையில், நோயாளிகளை வசதி படைத்தவர்கள் 'தத்தெடுத்து' உணவுப் பை கொடுக்கும் திட்டம் 2022இல் வந்தது. பை கொடுப்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் ரேஷன் கடையில் உரிமையாக வர வேண்டிய பருப்பை, போட்டோவுக்கு நின்று கும்பிட்டு வாங்க வைப்பது நமக்குப் பழக்கமான பழைய பண்ணையார் முறைதான்.

தடுப்பூசியையும் பாருங்கள். கொரோனாக் கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் 2021 அக்டோபருக்குள் 100 கோடி டோஸ். காசநோய்க்கு நம்மிடம் இருப்பது 1921இல் முதன்முதலாகப் போடப்பட்ட பி.சி.ஜி. ஒன்றே. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியதும் நம் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய ஆய்வுதான். அதன்பிறகும் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பெடாகுவிலின் என்ற மருந்து 2012 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, நாற்பது ஆண்டுகளில் காசநோய்க்கென வந்த முதல் புது வகை மருந்து அது. வாங்க வசதி இல்லாதவர்களின் நோய்க்குச் சந்தை அவசரப்படாது.

தொடுதலைப் பற்றியும் பேச வேண்டும். கொரோனா காலத்தில் 'சமூக விலகல்' என்ற சொல்லை எல்லோரும் சாதாரணமாகச் சொன்னார்கள். ஆயிரம் ஆண்டுகளாக விலக்கி வைக்கப்பட்ட மக்களுக்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமனின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. நாடே அதிர்ந்தது. ஒரே வாரத்தில், இப்படி அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. சரியான நடவடிக்கை. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாதை வழியாகக் கொண்டுபோக முடியாமல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அவருக்கு எந்தத் தொற்றும் இல்லை. சாதி மட்டும்தான் இருந்தது. அதற்கு அவசரச் சட்டம் வரவில்லை. நோயாளியைத் தள்ளி வைக்க இந்தச் சமூகம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தட்டு வேறு, டம்ளர் வேறு, பாதை வேறு, சுடுகாடு வேறு என்ற பாடம் ஏற்கெனவே மனப்பாடம்.

அப்படியானால் இதை மாற்றவே முடியாதா? எச்.ஐ.வி.யின் கதை முடியும் என்று சொல்கிறது. அதுவும் மெல்ல நகரும் நோய்தான். இந்தியாவில் முதலில் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். எப்படிப்பட்ட வெறுப்பைக் கக்கினார்கள் என்று நம் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நோயாளிகள் ஒன்று சேர்ந்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவும் தோழிகளும் 1998இல் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். முகம் காட்டிப் பேசினார்கள். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரம் ஒன்று. 2017இல், எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்து நீக்குவதையும் சிகிச்சை மறுப்பதையும் தடுக்கும் சட்டம் வந்தது. காசநோய் கண்ட தொழிலாளியின் வேலையைக் காக்க அப்படியொரு தனிச் சட்டம் இன்றும் இல்லை.

காசநோயிலும் குரல்கள் எழத் தொடங்கிவிட்டன. மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சை மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். பெடாகுவிலின் காப்புரிமையை நீட்டிக்க அந்த நிறுவனம் கேட்டபோது இருவரும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு பெண்கள் எழுந்து நின்றால் ஒரு மருந்தின் விலை இறங்கும் வழி திறக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் நல்ல முயற்சி. நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் எளிய ஏற்பாடு அது. நல்லதை நல்லது என்று சொல்வோம். அதே சமயம், 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் முழங்கிய மத்திய அரசு, 2024 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதியதையும் சொல்வோம். கொரோனாத் தடுப்பூசி இரண்டு நாள் தாமதமானால் தலைப்புச் செய்தி. காசநோய் மாத்திரை நின்றால், நோய் மருந்துக்கு அடங்காத வகையாக மாறலாம். அது உள்பக்கச் செய்தி.

மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது சில காரியங்கள்தான். உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், அறிவுரை சொல்லாமல் கூடவே போய்ச் சளிப் பரிசோதனை செய்து கூட்டி வாருங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை சாப்பிடுகிறவர் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். கிராம சபையில், காசநோயாளி வீட்டுக்கு ரேஷனில் கூடுதல் பருப்பு வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். எத்தனை பேர், எந்தச் சாதி, எந்த வேலை, எத்தனை பேர் குணம், எத்தனை பேர் மரணம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டவாரியாகக் கேளுங்கள். சாதிவாரியாகக் கணக்கெடுக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே பொதுவில் வையுங்கள். குவாரியிலும் பட்டறையிலும் தண்ணீர் தெளித்து வெட்டுகிறார்களா, ஆண்டுக்கொரு எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். நம் வீடுகளிலேயே 'டி.பி.காரன்' என்று டம்ளரைத் தனியாக வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை முதலில் நிறுத்துவோம். ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை வீட்டில் எடுத்துச் சொல்வோம்.

காசநோய்க்கு ஊரடங்கு போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊரடங்கில் யார் நடந்தார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்று நமக்குத் தெரியும். நமக்கு வேண்டியது மருந்து, சாப்பாடு, காற்று வரும் வீடு, வேலைக்கு உத்தரவாதம். ஆறு மாத மாத்திரையில் குணமாகும் ஒரு நோய்க்கு ஆண்டுக்கு 3 லட்சம் பேரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கை அடுத்த மார்ச் 24க்கு நாம் உரக்கப் படிக்க வேண்டும்.

ஜெய்பீம்.